நடுவில் கதவு உள்ள அறைகள்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நிம்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் சீனி வருத்தம் இந்த மாதம் சொல்வழி கேட்கிறது, என் முழங்கால் கேட்கவில்லை. அதைத் தவிர்த்தால் அல்லாஹ்வின் கிருபையால் இந்த வீட்டில் குறையில்லை. அங்கே நீயும் மருமகன் ஸியாமும் பிள்ளைகள் அர்பாவும் ஹபீஸும் சுகமாக இருக்க வேண்டும் என்ற துஆவோடுதான் பேனையை எடுத்தேன். லிஃப்ட் மறுபடி பழுது. ரயில் போகும்போது ஜன்னல் அதிர்கிறது என்று வாப்பா புதிய ரப்பர் வாங்கி வைத்தார், இப்போது ஜன்னலும் அதிர்கிறது ரப்பரும் அதிர்கிறது. கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வட்ஸ்அப்பில் குரல் அனுப்பப் பார்த்தேன். பேசினேன், அழித்தேன், மறுபடி பேசினேன், மறுபடி அழித்தேன். பேசும்போது வாய் பழகிய பக்கமே போகிறது. எழுதினால் நடுவில் நின்று யோசிக்கலாம். எதிர் வீட்டு பஸீஹாவின் மகன் புதன்கிழமை மெல்பர்ன் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். பயணத்துக்கு ஹோட்டலை வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும் என்றாய். அதற்குள் உன் கைக்கு வந்துவிடும்.

நீ அனுப்பிய மூன்று ஹோட்டல்களையும் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். நாம் எல்லோரும் சேர்ந்து ஓர் இடத்துக்குப் போவது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம், மையத்து வீட்டுக்குப் போயிருக்கிறோம். சும்மா இருப்பதற்கென்று போனதில்லை. மலேசியாவில் தீம் பார்க் என்று வாப்பா பள்ளிவாசலில் காண்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ரோலர் கோஸ்டரில் ஏறுவாராம். ஹார்ட்டில் ஸ்டென்ட் வைத்த ஆளை ஏற்ற மாட்டார்கள் என்றேன். “நான் என்ன சேட்டக் கழட்டியா காட்டப் போறன், அவனுக்கு எப்பிடித் தெரியும்” என்கிறார். பார்க்கில் நிறைய நடக்க வேண்டுமாம், அதற்குப் பயிற்சியாக விடிய எழும்பி மரின் டிரைவில் நடக்கிறார். பம்பலப்பிட்டி வரைக்கும் நடந்து போய், த்ரீவீலில் திரும்பி வருகிறார். பகலில் ஒவ்வொரு ஹோட்டலைப் பற்றியும் மற்றவர்கள் எழுதியிருப்பதை எனக்கு உரத்து வாசிக்கிறார். ஒருவர் சொர்க்கம் என்கிறார், அதே ஹோட்டலை அடுத்தவர் நரகம் என்கிறார், குளித்துத் துடைக்கக் கேட்ட துவாயைக் கொண்டுவரச் சுணங்கியதாம். “ஒரு துவாய்க்கு நரகமாம்” என்று வாப்பா அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிவிட்டு அடுத்ததை வாசிக்கிறார்.

பஸீஹா போன வருடம் அதே பார்க்குக்குப் போய் வந்தவள் அல்லவா. ஹோட்டல் விஷயத்தில் இந்த மாடியில் அவள் பேச்சுத்தான் பேச்சு. போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “ராத்தா, நீச்சல் தடாகத்தப் பாத்து மயங்க வேணாம், அது எல்லா எடத்திலயும் ஒரே நீலம்தான். பாத்ரூம்ல தண்ணிப் பைப் ஈக்கிதா, புள்ளையள் பகல்ல வந்து தூங்கிட்டுப் போக ஏலுமா, இத மட்டும் பாருங்கோ” என்றாள். பார்க் வாசலோடு ஒட்டியிருக்கிற முதலாவது ஹோட்டல் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரே பெரிய அறை, பிள்ளைகளுக்கு மாடிக் கட்டில், எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு திரை, சுவரெல்லாம் கார்ட்டூன் மிருகங்கள். “வெளிய மிருகம், உள்ள மிருகம், செவத்துல மிருகம், புள்ள கனவுலயும் மிருகத்தக் கண்டு கத்தும்” என்றாள். இரண்டாவதைப் பார்த்துத் தலையாட்டினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு கதவு, பார்க்கின் சின்ன ரயில் ஹோட்டல் வாசலுக்கே வருமாம். மூன்றாவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மரங்கள், நிழல், நீண்ட நாற்காலிகளில் வயதானவர்கள். பார்க்கிலிருந்து தள்ளி, பஸ்ஸில் போய் வர வேண்டிய இடம். “இது ஆருக்கு?” என்று கேட்டாள். எனக்கும் வாப்பாவுக்கும் என்றேன். நீங்கள் பிள்ளைகளோடு இரண்டாவதில், நாங்கள் மூன்றாவதில். “ஏன், ஒங்க ரெண்டு பேருக்கும் தொத்து நோயா?” என்றாள்.

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தப் படத்தின் கீழே நீ எழுதியிருந்ததை அவளுக்குக் காட்டவில்லை. இது ஸியாம் தேடிப் பார்த்தது, மாமிக்குக் கரைச்சல் இல்லாமல் இருக்கும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இன்னொரு வரி. நீங்கள் இதைத்தான் எடுப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும் உம்மா. அன்று பின்னேரம் வாப்பா குசினி வாசலில் வந்து நின்றார். அவர் அப்படி நின்றால் ஏதோ இருக்கிறது. நீ அவரோடு கதைத்தபோது அழுதாயாம். மாமிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று மருமகன் கல்யாணம் ஆன காலத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாராம். ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லையாம். தூரத்து ஹோட்டலும் கோபத்தில் பார்த்ததில்லையாம், பயணத்திலாவது மாமி ஒதுங்கி ஒதுங்கிப் போகாமல் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதானாம். நான் அடுப்பை அணைத்தேன். கதிரையில் இருந்துவிட்டேன்.

பிடிக்கவில்லை. அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். வத்தளையிலிருந்து ஒரு பெட்டியோடு நம் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பிள்ளை. முன்னறையை உங்களுக்குக் கொடுத்தோம். நீங்கள் அவுஸ்திரேலியா போகும்வரை ஒரே கூரையின் கீழே இருந்தோம். நான் அவர் முன்னால் வந்ததில்லை. ஒரு மேசையில் இருந்ததில்லை. தட்டை நிரப்பி உன் கையில் தருவேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, “நிம்றா, மருமகனுக்கு இன்னம் சோறு வேணுமாண்டு கேளு” என்பேன். அவர் மற்றச் சுவரைப் பார்த்து, “போதும் எண்டு மாமிக்குச் சொல்லு” என்பார். நீ நடுவில் நின்று சிரிப்பாய். குசினிப் பக்கம் வர வேண்டுமென்றால் நடையில் நின்று ஒரு தடவை இருமுவார், நான் அறைக்குள் போய்விடுவேன். காஸ் இல்லாத அந்த வருடம் நாள் முழுக்க வரிசையில் நின்று சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாரே, அன்றும் இருமிவிட்டுத்தான் வந்தார். மூச்சு வாங்குகிறது. அதற்குள் ஓர் இருமல். நீ வீட்டில் இல்லை. நான் தண்ணீரை ஊற்றி மேசையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனேன். அவர் குடித்து முடித்துக் கோப்பையை வைக்கிற சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.

இது பிழை என்று நான் எழுதவில்லை மகள். மாமி என்றால் எங்கள் வீடுகளில் இப்படித்தான். மார்க்கம் இதைக் கேட்கவில்லை, மருமகன் மகனைப் போல என்றுதான் மார்க்கம் சொல்கிறது. இது எங்கள் பழக்கம். வெட்கம் என்று சொன்னாலும் சரி, மரியாதை என்று சொன்னாலும் சரி. ஒரு சின்ன ஃபிளட்டில் இரண்டு குடும்பம் இருந்தபோது அந்த வெட்கம் ஓர் அறை கூடுதலாக இருப்பதுபோல உதவியது. பஸீஹா தன் மருமகனோடு ஒரே ஸோபாவில் இருந்து கிரிக்கெட் பார்த்துக் கத்துகிறாள், அவளுக்கு அது வருகிறது. ஆனால் மருமகனை எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். திரும்பி வந்த தட்டில் அவரைப் பார்த்திருக்கிறேன். மீன் முள்ளை ஒரு பக்கமாக ஒழுங்காக ஒதுக்குகிறவர். உறைப்புக் கூடினால் சொல்ல மாட்டார், தயிர் முடிந்திருக்கும். அவருக்கு வேலை போனது நீங்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும், அந்தக் கிழமை சோறு பாதியில் நின்றிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பிடித்ததையே ஆக்கி ஆக்கி அனுப்பினேன். பேசிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு அது சாப்பாடாக மட்டும் போயிருக்கிறது.

பெருநாளன்று நீ வீடியோ கோல் எடுத்தது நினைவிருக்கும். அர்பா புது உடுப்பைச் சுழன்று சுழன்று காட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் மருமகன் வந்தார். என் கை போனைத் தானாக மேலே திருப்பிவிட்டது. நான் திருப்பவில்லை, கை திருப்பியது. உங்களுக்கு நம் வீட்டு ஃபேன் மட்டும் தெரிந்திருக்கும். பிறகு அர்பா, ஒளித்துப் பிடித்து விளையாடுகிற குரலில், “உம்மும்மா, வாப்பா போயிட்டார், இனி வாங்கோ” என்றாள். நான் வந்தேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவர் எங்கே போயிருப்பார் என்று அப்போது யோசிக்கவில்லை. தன் வீட்டிலேயே, பெருநாள் உடுப்போடு, எந்த அறைக்கு. மூன்றாவது ஹோட்டலின் படத்தைப் பார்த்தபோதுதான் யோசித்தேன். அவர் அங்கே ஒரு கதவுக்குப் பின்னால். நான் இங்கே ஒரு கதவுக்குப் பின்னால். இரண்டு பேரும் மரியாதையாக. அர்பாவுக்கு இப்போது அது விளையாட்டு. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் ஏன் என்று கேட்பாள். அதற்கும் பிறகு கேட்கவும் மாட்டாள், பிடிக்காது என்று தானே முடிவு செய்துகொள்வாள், தன் வாப்பாவின் பக்கமோ என் பக்கமோ நிற்க வேண்டும் என்று நினைப்பாள். அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு வேலையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேன். எதற்கும் பகிடி விடுகிறவர், விடவில்லை. என் உம்மாவும் அவர் முன்னால் வராமல்தானே மௌத்தாகும்வரை இதே குடும்பத்தில் இருந்தார். வாப்பா சொன்னார், “ஒன்ட உம்மாவக் கபுறுக்குள்ள எறங்கி வச்சதுல நானும் ஒராள். மகன் மாதிரித்தானே, நீங்களும் எறங்குங்கோ எண்டாங்க. எறங்கினன். கைல பாரமே இல்ல. அப்பதான் யோசிச்சன், இவங்கட கொரல் எப்பிடி எண்டு எனக்குத் தெரியாதே எண்டு.” அவ்வளவுதான். பிறகு பேப்பரை எடுத்து விரித்தார்.

ஹோட்டலைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு விமானம் பயமில்லை, அந்தச் சுழல்கிற ராட்டினங்கள் பயமில்லை. ஹோட்டலில் குசினி இல்லை. நான் போய் நிற்க ஓர் இடம் இல்லை. காலையில் எல்லோரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட வேண்டும், அவரவர் தட்டை அவரவர் நிரப்பிக்கொள்ள வேண்டும், என் கைக்கு வேலை இல்லை. எல்லோரும் எழும்பிய பிறகு சாப்பிட்டே பழகியவள் நான். அதனால் இந்தக் கிழமை ஒரு காரியம் செய்து பார்த்தேன். வாப்பாவோடு மேசையில் இருந்தேன். கை எழும்பி எழும்பி அகப்பையைத் தேடியது. “இரி. இரி எண்டாக்கா இரி. சோறு எங்கயும் ஓடிப் போகாது” என்று வாப்பா அதட்டினார். அடுத்த நாள் கொஞ்சம் இலேசாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் அவர் எனக்குப் போட்டுத் தந்தார், அளவு தெரியாமல், கோபுரம் மாதிரி. கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அவர் எனக்குச் சோறு போட்டதில்லை. முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.

ஆகவே இரண்டாவது ஹோட்டலை எடு. முதலாவது எனக்கு ஏலாது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள், அது எனக்கு மட்டுமல்ல உங்களுக்கும் நல்லதில்லை, நாள் முடிந்த பிறகு நீங்கள் இருவரும் கதைக்க ஏதாவது இருக்கும், வாப்பாவின் குறட்டைக்கு எந்தத் திரையும் காணாது. ஒரு பயணத்தில் நான் வேறு ஆளாகிவிட மாட்டேன். தூரத்து ஹோட்டலும் வேண்டாம். நடுவில் கதவு உள்ள அந்த இரண்டு அறைகளைக் கேட்டு எடு. அப்படி அறை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வேறு வேறு மாடியில் தந்துவிடுவார்களாம். அந்தக் கதவு உண்மையில் இரண்டு கதவு என்று பஸீஹா சொல்கிறாள், ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி. அவரவர் தங்கள் பக்கத்தை மட்டும்தான் திறக்கலாம், மற்றப் பக்கத்தை அங்கே இருப்பவர்தான் திறக்க வேண்டும். என் பக்கத்தைப் பகலில் திறந்து வைப்பேன். தொழும்போதும் வாப்பா தூங்கும்போதும் சாத்துவேன். அவ்வளவுதான் என்னால் இப்போது முடியும், அதை முடியும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இதை வைத்து மருமகனோடு சண்டை பிடிக்காதே. மாமி நிம்மதியாக இருக்கட்டும் என்று தன்னை ஒதுக்கிக்கொள்ளப் பார்த்த மனிதர், அதற்கு அவரை நோகப் பேசுவது நியாயமில்லை. பார்க்கையும் முதல் நாளே முழுக்கச் சுற்ற வேண்டாம், பிள்ளைகள் களைத்தால் பெரியவர்கள் எரிந்து விழுவார்கள், பிறகு யாருக்கும் ஒன்றும் நினைவில் நிற்காது. பகலில் அறைக்கு வந்து தூங்க வையுங்கள். வாப்பாவை ரோலர் கோஸ்டர் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு, என் பேச்சை அவர் கேட்க மாட்டார். அவருக்கு ஒரு நல்ல தொப்பி வாங்கிக் கொடு, அதில் மறந்துவிடுவார். மருமகனிடம் நான் இன்ன ஹோட்டல் சொன்னேன் என்று மட்டும் சொல். மற்றதை நீ சொல்ல வேண்டாம். இவ்வளவு காலமும் இரண்டு சுவருக்கும் நடுவில் நின்று நீதான் சொன்னாய். இனி உனக்கு அந்த வேலை இல்லை. இந்தத் தாளின் கீழே அவருக்கு நானே எழுதியிருக்கிறேன், வாசித்துவிட்டு அவர் கையில் கொடு.

அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தும் பேச்சும் சிரிப்பும் குறையாமல் வைப்பானாக. பிள்ளைகளைக் கண்ணூறு படாமல் காப்பானாக. டிக்கட் போடுவதற்கு முன் அர்பாவின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று எடுத்துப் பார், மறந்துவிடாதே. ஹபீஸ் தண்ணீரில் விளையாடினால் காதைத் துடைத்துவிடு.

உன் உம்மா,
நளீபா ஸவாஹிர்.

மருமகன் ஸியாமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் மகன். எனக்கு உங்களைப் பிடிக்கும். சொல்லாமலே தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டு, சாமான் வண்டி எடுத்து வருகிறேன் என்று நீங்கள் அந்தப் பக்கம் போகப் பார்ப்பீர்கள். போக வேண்டாம். நிற்கிற இடத்திலேயே நில்லுங்கள். நான் நடந்து வந்து உங்களைப் பார்த்து ஸலாம் சொல்வேன். முதல் தடவை சத்தம் வராமல் போகலாம். கொஞ்சம் பொறுங்கள். திரும்பவும் சொல்வேன்.

மாமி.